ஒரு பேச்சுக்கு

அந்த ஷட்டரை இறக்கிவிடுங்கள் தம்பி, மூடுபனி உள்ளே வருகிறது. இந்த மலையில் மத்தியானம் இரண்டு மணிக்கே இப்படித்தானாம். உங்கள் பெட்டியை என் காலடிப் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள், எனக்கு இடைஞ்சல் இல்லை. இரும்புப் பெட்டி, சுருட்டிய பாய், ஸ்டவ் வேறு. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறீர்களாக்கும். தலையை ஆட்டுகிறீர்கள், ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. சொல்ல வேண்டாம். நான் துருவுகிற ஆள் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆறடி ஒன்று இருப்பீர்களா? ஆறடி இரண்டா! கூடைப்பந்து ஆடியதுண்டா? தொட்டதே இல்லையா? அடடா. பயன்படாத உயரத்தைப் பார்த்தால் எனக்கு ஒற்று விடுபட்ட சொல்லைப் பார்த்த மாதிரி உறுத்தும்.

வெளியே பலகையைப் பாருங்கள், கொண்டை ஊசி வளைவு, ஒன்பது, கீழே நாற்பது. 'கொண்டையூசி' என்று சேர்த்து எழுத வேண்டும். நாற்பது பலகை, நாற்பது பிழை. மேலே போகும்வரை நமக்குப் பொழுது போய்விடும்.

என் பெயர் ஆலாலசுந்தரம். ஒரு வாரியத்தில் முப்பத்தாறு வருடம் இருந்து, போன மாதம்தான், கார்த்திகையில், கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எந்த வாரியம் என்று கேட்காதீர்கள். அணை, வாய்க்கால், மழையளவு, அந்த மாதிரி. திண்டுக்கல் மண்டலம். எங்கள் வாரியத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பார்கள். மண்டலத்துக்கு ஒரு கூடைப்பந்து அணி. வருடம் ஒருமுறை மண்டலங்களுக்கிடையே கோப்பை. எங்கள் திண்டுக்கல் பத்தொன்பது வருடமாகக் கடைசி. கடைசிக்கு முந்தைய இடம்கூட ஒருமுறை வந்ததில்லை. ஏன்? சென்டர் கிடையாது. கூடைக்கடியில் நிற்க ஒரு நெட்டையன் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் போனில் அவர்கள் ஆட்டம் பார்ப்பேன். ஆட்டத்தைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய ட்ரேடு. உன் ஆளை எனக்குக் கொடு, என் ஆளை அவனுக்குக் கொடுக்கிறேன், அவன் ஆளை நீ எடுத்துக்கொள். மூன்று அணி, நாலு அணி, ஐந்து அணி சேர்ந்துகூடச் செய்வார்கள். சம்பளம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் விதி. ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து தாங்களே கற்பனையாக மாற்றி மாற்றி வாதாடுவார்கள். நடக்கவே நடக்காது, ஆனால் கணக்குப் பிசகாது. எவ்வளவு சுத்தமான பொழுதுபோக்கு!

தமிழில் அதற்கு என்ன சொல்? ஹபீபுல்லா 'ஆள்மாறாட்டம்' என்றார். அதற்கு வேறு சட்டப்பிரிவு இருக்கிறது ஐயா என்றேன். கடைசியில் 'மாற்று' என்று வைத்தோம். மாலை ஐந்தரைக்கு அலுவலக வளாகத்து மைதானத்தில் சிமெண்ட் படியில் உட்கார்ந்து, 'இன்னிக்கு என்னய்யா மாற்று?' என்பார். ஹபீபுல்லா பழைய நடுவர். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். விசில் ஊதி ஊதிப் பேச்சும் விசில் மாதிரியே இருக்கும்.

"நெல்லை பிரிட்டோ நமக்கு வரலாம்" என்பேன் நான்.

"வருவான், வருவான். ஆறடி அஞ்சங்குலம். அவனக் குடுத்துட்டு நெல்லைக்காரன் வாயில விரலா வைப்பான்?"

"நம்ம குமரகுருவைக் கொடுக்கலாம்."

"குமரகுருவா! அவன் டிஃபென்ஸ் ஆடுறத நெல்லைல பாத்ததில்லையா? எதிராளிக்குக் கதவத் தெறந்து காப்பி குடுப்பான்யா அவன்."

"நெல்லைக்கு வேண்டாம். தஞ்சைக்குக் கொடுக்கலாம். தஞ்சையில் தூரத்திலிருந்து எறிய ஆள் இல்லை. தஞ்சையின் நீளக்கை ஃபார்வர்டு கோவைக்குப் போகலாம். கோவையின் இரட்டையர் இருவரும் நெல்லைக்குப் போகலாம்."

அவர் விரல் விட்டு எண்ணினார். ரொம்ப நேரம் எண்ணினார். பிறகு, "நாலு பேரும் ஜெயிக்கிறான். அப்ப தோத்தது யாருய்யா?" என்றார்.

"கணக்கில் அப்படி யாரும் இல்லை" என்றேன்.

அப்போது இல்லை. உண்மையாகவே இல்லை. இரவு வீட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒரு ஓட்டை தெரிந்தது. எங்கள் வாரியத்தில் சம்பளம் பார்க்க வேண்டாம், பணியிடம் பார்க்க வேண்டும். நெல்லையில் ஒருவர் போய் இருவர் வருகிறார்கள். அங்கே ஒரு இடம் காலியாகவே கிடந்தது, சரி. கோவையில் இருவர் போய் ஒருவர்தான் வருகிறார். அங்கே ஒரு இளநிலை உதவியாளர் குறைகிறது. நம் மண்டலத்தில் ஒரு இளநிலை உதவியாளர் உபரி என்று தணிக்கையில் எழுதியிருந்தார்கள். அந்த உபரியைக் கோவைக்குத் தள்ளினால் சரியாகிவிடும். அமெரிக்காவிலும் இதே வழக்கம்தான். பெரிய மாற்றில் ஒட்டுக்கு ஒரு ஆளைச் சேர்ப்பார்கள். அவன் ஆடுவானா, ஆடமாட்டானா, யாரும் கேட்பதில்லை. இரண்டு சொல்லுக்கு நடுவே வரும் சாரியை மாதிரி. அதற்கென்று பொருள் கிடையாது, ஆனால் அது இல்லாமல் சொல் சேராது.

ஞானவடிவேலைப் போட்டேன்.

ஞானவடிவேல் யார் என்று சொல்லவில்லையே. என் பிரிவில் தட்டச்சு செய்கிறவன். ஒன்பது வருடம் என் எதிரே உட்கார்ந்திருந்தான். மாலையில் மைதானத்துக்கும் வருவான், ஸ்கோர் போர்டில் சாக்பீஸால் எண் எழுத. அழகான எண்கள். ஏழுக்கு நடுவில் கோடு போடமாட்டான்.

மறுநாள் அந்த மாற்றை அவனிடமே சொல்லி அடிக்கச் சொன்னேன். சும்மா துண்டுத் தாளில் எழுதலாம்தான். ஆனால் எனக்கு ஒரு ஆசை. முப்பத்தாறு வருடம் யார் யாருக்கோ 'பொருள்', 'பார்வை' என்று எழுதிக் கொடுத்தவன், எனக்கென்று ஒன்று எழுதக் கூடாதா? முழு அலுவலகத் தமிழில் சொன்னேன். ஒரு ஒற்றுப் பிழை கிடையாது. கடைசி வரி: 'மேற்கண்டவாறு மாற்றலாம்.'

நாலாவது பத்தி அடிக்கும்போது அவன் கை நின்றது.

"சார், எம் பேரும் வருது."

"ஒரு பேச்சுக்குப்பா. கணக்கு உதைக்குது, அதான்."

"கோவை ரெட்டையர்ல அந்த எளையவனுக்குப் பேப்பர்ல போஸ்டிங் மலை மேல, மழை அளக்குற ஸ்டேஷன்லங்க சார். அவன் ஒருநாள்கூட அங்க போனதில்லையாம்."

"நீயும் போகப்போறதில்லையே. அடி."

சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் அடித்தான். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டாவது வளைவு. இங்கே போன மாதம் ஒரு லாரி உருண்டதாம், தடுப்புச்சுவர் இல்லாததைப் பாருங்கள்.

அந்தத் தாள் தபால் கட்டுக்குள் எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைமைப் பொறியாளர் பார்க்கட்டும், ஒரு சிரிப்பு சிரிக்கட்டும் என்று கட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பக்கத்தில்தான். கொஞ்சம் மேலே. அவரோ கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவர். கீழே சுருக்கொப்பம் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு இயக்குநர், விளையாட்டுக் குழுவுக்கும் தலைவர். ஒரே சொல் எழுதினார்: 'ஆகலாம்.'

இந்த 'லாம்' இருக்கிறதே தம்பி, இதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதலாம். பாருங்கள், இப்போதுகூட வந்துவிட்டது. 'மழை வரலாம்' என்றால் ஊகம். 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி. 'சினிமாவுக்குப் போகலாம்' என்றால் யோசனை. மைதானத்துப் படியில் நானும் ஹபீபுல்லாவும் ஆயிரம் 'லாம்' போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. அலுவலகக் கோப்பில் அதே சொல்லுக்கு ஒரே பொருள்தான். 'அனுப்பலாம்' என்று அதிகாரி எழுதினால் அனுப்பியாகிவிட்டது என்று அர்த்தம். நான் இலக்கணப்படி எழுதினேன். அவர்கள் வழக்கப்படி படித்தார்கள். பிழை எங்கே? என் பக்கம் இல்லை.

ஒன்பதே நாளில் உத்தரவு வந்தது. முப்பத்தாறு வருடத்தில் ஒன்பது நாளில் வந்த உத்தரவு அது ஒன்றுதான். ஆறு பேர் பெயர், நான் சொன்ன அதே வரிசை, என் வாக்கியங்கள் அப்படியே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

பிரிட்டோ வந்தான் தம்பி! வாசலில் குனிந்து உள்ளே வந்தான். லீக் ஆட்டம் நாலிலும் ஜெயித்தோம். அரையிறுதியில் கோவையையே அடித்தோம். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி, அதுவும் எங்கள் மைதானத்தில். தலைமைப் பொறியாளர் என்னை 'ஆர்க்கிடெக்ட்' என்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் வாராவாரம் போன் செய்து கேட்கிறார்கள்.

ஹபீபுல்லா மட்டும் படிக்கு வருவதில்லை. உத்தரவு வந்த அன்று பார்த்ததுதான். "தோத்தவன் பேரு கெடச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போனார். பொறாமை. அவருடைய மாற்று ஒன்றுகூட இரண்டு அணியைத் தாண்டியதில்லை.

ஞானவடிவேலா? போனான். ஐப்பசி மழையில் போனான். ஆட்டக்காரன் என்றால் பெயருக்குப் போட்டுவிட்டு மைதானத்தில் வைத்துக்கொள்வார்கள். இவன் ஆட்டக்காரன் இல்லையே, போய்த்தான் ஆகவேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவன் மனைவி செல்வமணிக்கு இப்போதுதான் வயிற்றில் தங்கியிருக்கிறது. தை மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். 'தைக்குள்ள திரும்பிடணும் சார்' என்பதைத் தவிர அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. போகிறதற்கு முன் என் மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். நல்ல பையன்.

மேலே சிக்னல் கிடையாது. முப்பத்தொன்றாவது வளைவு வரை நடந்து இறங்கி வந்து போன் செய்வான்.

"சார், குவார்ட்டர்ஸ்ல ஆறு வருசமா ஆளே இருந்ததில்லையாம். ராத்திரி கதவ ஏதோ உரசுது சார்."

"'ஏதோ' என்று சொல்லக் கூடாது ஞானம். அறிக்கையில் விலங்கின் பெயர் வேண்டும்."

"கதவத் தெறந்து பாத்தாத்தானே பேரு தெரியும்."

நியாயமான பதில். சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அப்புறம் செல்வமணி தலைமையகத்துக்கு மனு போட்டுவிட்டது. அந்தத் தாள் விளையாட்டாக எழுதியது, என் வீட்டுக்காரரே அடித்தார், அவருக்கே தெரியும் என்று. அங்கேயிருந்து எனக்குக் கடிதம்: 'மேற்படி குறிப்பு முறையான முன்மொழிவா அல்லது விளையாட்டா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.' வெள்ளி என்றால் நாளை மறுநாள்.

ஒரே வரி போதும். 'விளையாட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மாறுதல் ரத்து. அவன் மறுநாளே வீட்டில் இருப்பான். அந்த வரியை எழுதியும் வைத்திருக்கிறேன், இதோ, இந்தப் பையில் மேல் தாள் அதுதான். ஆனால் ரத்து என்றால் சங்கிலி முழுவதும் ரத்து. பிரிட்டோ நெல்லைக்குப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை கூடைக்கடியில் யார் நிற்பது? குமரகுருவா, காப்பி டம்ளரோடு?

'விளையாட்டுக்காக எழுதினேன்' என்று எழுதலாமா என்றும் யோசித்தேன். வேடிக்கைக்காக என்றும் படிக்கலாம், கூடைப்பந்துக்காக என்றும் படிக்கலாம். ரசித்தேன். ஆனால் அவர்கள் தெளிவுரை கேட்பார்கள்.

அதனால்தான் இரண்டாவது தாள். மனமொத்த மாறுதல் என்று ஒன்று உண்டு. சம்பந்தப்பட்டவர் தானே விரும்பி வந்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் மனு செல்லாது. 'நிலையத்தில் தற்போது பணிபுரியும் ...... ஆகிய நான், மனமொத்து இவ்விடம் வந்தேன்.' கோடு போட்ட இடத்தில் பெயரை எழுதினால் போதும். அவன் தலைப்பெழுத்து 'த'வா 'தா'வா என்று சந்தேகமாக இருந்தது, அதனால் விட்டுவைத்தேன். நேரில் கேட்டால் போட்டுவிடுவான், அதற்குத்தான் மேலே போகிறேன். எதற்கும் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. இறுதிப் போட்டி முடிந்ததும் அவனை இறக்கிவிடலாம். தைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

இருபத்தாறு. 'யானைகள் கடக்கும் இடம்.' கடப்பது நாமா, அவையா? வாக்கியத்தில் தெளிவில்லை.

பன்னிரண்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. அவன் கடைசியாகப் பேசியும் பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்றைக்குக் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "சார், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நான் இங்க இல்லாமப் போயிட்டா மழையை யாரு அளப்பாங்க?"

எனக்கு மகிழ்ச்சி. பரவாயில்லையே, இவனும் ஆட்டத்துக்கு வந்துவிட்டானே! "பணியிடம் காலியானால் வாரியம் வேறு ஆள் போடும்" என்றேன். விதி அப்படித்தான்.

"சரிங்க சார்" என்றான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். போன வியாழக்கிழமை தலைமைப் பொறியாளரின் நேர்முக உதவியாளர் சுகந்தி அம்மா கூப்பிட்டது. "சார், ஒரு பேச்சுக்கு வச்சுக்கங்க. அந்த மலை ஸ்டேஷன் காலின்னா, கோவை லிஸ்ட்ல யாரைப் போடலாம்? சட்டுனு ஒரு பேரு சொல்லுங்க."

பாருங்கள், அலுவலகமே இந்த ஆட்டத்தை ஆட ஆரம்பித்துவிட்டது! ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு பேச்சுக்கு என்ற பிறகு காரணம் கேட்பது ஆட்ட மரியாதை இல்லை. பட்டியலைத் திறந்தேன். ஒரு பெயர் கண்ணில் நின்றது. கா. மெய்யழகன். மெய், அழகன், குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து எவ்வளவு அழகாகச் சேர்கிறது! இவரைப் போடலாம் என்றேன்.

என்ன தம்பி, முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது? வளைவுகள் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், முகர்ந்து பாருங்கள்.

இல்லையா? எதை எடுக்கிறீர்கள்? உத்தரவா? கொடுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

'பொருள்: மூங்கில்மட்டம் மழையளவு நிலையம், இளநிலை உதவியாளர் பணியிடம் நிரப்புதல், தொடர்பாக.' மூங்கில்மட்டமா? நான் போகும் இடமும் அதுதானே. 'மேற்படி நிலையத்தில் பணிபுரிந்த திரு. தா. ஞானவடிவேல்...'

'தா'. நெடில். சரி.

'...பதினோரு நாட்களாக எவ்விதத் தகவலுமின்றிப் பணியிடத்தில் காணப்படாமையாலும், பருவமழைப் பதிவு தடைப்பட்டுள்ளமையாலும், அன்னாரது பணியிடம் காலியெனக் கொள்ளப்பட்டு, அவ்விடத்தில் திரு. கா. மெய்யழகன் அவர்களை உடனடியாக நியமிக்கலாம்.'

நீங்கள்தானா?

கண்டக்டர்! ஐயா, இங்கே வாருங்கள். மேலே மழையளவு நிலையத்தில் இருந்த ஆளைத் தெரியுமா? ஒல்லியாக, பேசமாட்டான்.

என்ன சொன்னார்? இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. 'அந்த மழை சாரா? போன வாரம் பாரஸ்ட்டுக்காரங்க மூணு நாள் தேடிட்டுக் கீழ எறங்கிட்டாங்க. கதவு தெறந்து கெடந்துச்சாம். செருப்பு உள்ளயே இருந்துச்சாம்.' அப்படியா சொன்னார்?

கதவைத் திறந்து பார்த்திருக்கிறான்.

இருங்கள் தம்பி, கொஞ்சம் யோசிக்கிறேன். முப்பத்தொன்று போய்விட்டதா? இங்கிருந்துதான் பேசுவான். சுகந்தி அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒரு பேச்சுக்கு என்றது. செல்வமணிக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருப்பார்கள். சொல்ல வேண்டியது நான் இல்லை, நான் ஓய்வு பெற்றவன். அன்றைக்கு அவன் கேட்டதுகூட... இல்லை. அவன் 'ஒரு பேச்சுக்கு' என்றுதான் கேட்டான். சொல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்லைப் பிடித்துத்தானே பொருள் கொள்ள வேண்டும்?

மேல் தாள் இனி எதற்கு? கிழித்துவிடுகிறேன். 'விளையாட்டு' என்று எழுதினால் இப்போது யார் திரும்பப் போகிறார்கள்? பிரிட்டோதான் திரும்பிப் போவான். அது யாருக்கு லாபம்? ஷட்டரைக் கொஞ்சம் தூக்குங்கள், வெளியே போட்டுவிடுகிறேன்.

உங்களுக்கு வீட்டில் யார் யார்? அம்மா மட்டுமா. நல்லது. கல்யாணம் ஆகவில்லையே, அதுவும் நல்லதுதான்.

நாற்பது. வந்துவிட்டது. எவ்வளவு பனி, கட்டடமே தெரியவில்லை. அந்தக் கம்பிவேலிக்கு அப்பால் இருட்டாக இருக்கிறதே, அதுவாகத்தான் இருக்கும். நான் இறங்கவில்லை தம்பி. நான் பார்க்க வந்த ஆள் இல்லையே. இதே பஸ் பத்து நிமிடத்தில் கீழே போகிறதாம். ஞாயிற்றுக்கிழமை வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பெட்டியை நீங்களே இறக்கிக்கொள்வீர்கள், உங்கள் உயரத்துக்கு என்ன. இரவில் எது உரசினாலும் கதவைத் திறக்காதீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'விலங்கு' என்று எழுதினால் போதும், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஒரு நிமிடம், ஒரு நிமிடம். இறங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். 'நிலையத்தில் தற்போது பணிபுரியும்' என்றுதானே இருக்கிறது? இப்போது அது நீங்கள்தான். வாக்கியம் உங்களுக்கும் பொருந்துகிறது, ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். பயப்படாதீர்கள், இதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு பேச்சுக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தாருங்கள் பேனா. கோட்டின் மேல் பெயர், கீழே கையெழுத்து.

தேதி வேண்டாம். அதை நான் பிறகு போட்டுக்கொள்ளலாம்.